மாரிக்குப்பம் ரயிலில் ஒரு நாட்டுப் பூனை: தெரியுமா? தெரியுமா?

கோலார் தங்கவயல்காரரிடம் போய் "தெரியுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். தோற்றுப்போவீர்கள்! சிவனசமுத்திரத்தில் இருந்து 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, 1902-லேயே கரண்ட் வந்த ஊர் எது தெரியுமா என்பார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆள் இறங்கி வேலை பார்த்த சுரங்கம் எது தெரியுமா என்பார். வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை 1965-ல் பாதாளத்தில் உட்கார்ந்து பிடித்தது எங்கே தெரியுமா என்பார். எல்லாவற்றுக்கும் பதில் அவருடைய ஊர்தான்!

அவரையும் வாய் பிளக்க வைக்க ஒரு வழி உண்டு. அவர் வீட்டு ஓட்டின் மேல் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கிறதே, அந்தப் பூனையைப் பற்றிக் கேளுங்கள்.

சாதாரண நாட்டுப் பூனைதான். பாரசீகமும் இல்லை, சயாமும் இல்லை. கடையில் விலைக்கு வராது, காப்பகத்தில் காத்திருக்கும். மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காரப்பேட்டை தாண்டி, தங்கவயல் ஜனம் தினமும் வேலைக்குப் போய்வருகிற அதே ரயிலில் போனால் பெங்களூரு. அங்கே 'கம்பேஷன் அன்லிமிடெட் ப்ளஸ் ஆக்‌ஷன்' என்று ஓர் அமைப்பு. அதைத் தொடங்கியவர் யார் தெரியுமா? கிரிஸ்டல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1959-ல் இந்தியாவுக்கு வந்தவர். முதலில் டெல்லியில் ஒரு விலங்குக் காப்பகம், பிறகு ஜெய்ப்பூரில் ஒன்று. அத்தோடு ஓய்ந்தாரா? எண்பதைத் தாண்டிய வயதில் பெங்களூருக்கு வந்து, 1991-ல் இதை ஆரம்பித்தார்! நாமெல்லாம் அறுபதிலேயே 'இனிமேல் என்ன' என்று ஈஸிசேரைத் தேடுகிறோம்.

சரி, காப்பகங்களில் 'கொல்லாத காப்பகம்' என்று ஒரு வகை உண்டே, அது என்ன? இடம் போதவில்லை, யாரும் கேட்டு வரவில்லை என்கிற காரணத்துக்காக, பிழைக்கக்கூடிய ஓர் உயிருக்கு ஊசி போட்டு முடித்துவிடாத காப்பகம். மீளவே முடியாத நோயில் துடிக்கிற விலங்குக்கு மட்டும்தான் விதிவிலக்கு. அமெரிக்காவில் இதற்கு ஒரு பாஸ் மார்க்கே வைத்திருக்கிறார்கள்: உள்ளே வரும் விலங்குகளில் 90 சதவீதமாவது உயிரோடு வெளியே போக வேண்டும். நல்ல நிலையில் உள்ள எந்த நாய்க்கும் பூனைக்கும் ஊசி இல்லை என்று சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் காப்பகங்கள் 1994-ல் ஒப்பந்தம் போட்டபோது அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது.

1994! நம் சென்னை அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே அந்தப் பாதையில் இறங்கிவிட்டது, தெரியுமா?

விமானி ஒருவர். கேப்டன் வி. சுந்தரம். அவர் மனைவி உஷா, அவரும் விமானி! பெங்களூரு அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேறி வந்தவர். 1951-ல் இந்தத் தம்பதி சென்னை அரசுக்காக வாங்கிய விமானத்தை இங்கிலாந்தில் இருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துக்குள் ஓட்டிவந்து சாதனை படைத்தார்கள். வானத்தில் பறந்த இந்த ஜோடியைத் தரைக்கு இழுத்தது எது? மழைத் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகள்! வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இன்னும் சில, அப்புறம் பல. 1959-ல் இப்படி வீட்டிலேயே பிறந்ததுதான் சென்னை புளூ கிராஸ். மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து விட்டுவிடலாம் என்று 1964-லேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது புளூ கிராஸ். மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-ல் அதுவே நாடு முழுமைக்குமான விதி!

இன்னொன்றும் கேளுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்ததற்குப் பின்னால் நின்றவர் ஒரு நாட்டியக் கலைஞர். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல்! மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே சட்டம் இயற்றும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பப் பெற்றார். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்துக்காக அவரைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்?

இத்தாலிக்காரர்கள் ஒரு படி மேலே போய், வீடில்லாத நாய் பூனைகளைக் கொல்லக்கூடாது என்று 1991-ல் நாடு தழுவிய சட்டமே போட்டார்கள். ரோம் நகரில் ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டு விழுந்த இடிபாடுகள் இருக்கின்றனவே, அங்கே இன்று குடியிருப்பது யார்? பூனைகள்! தொண்டர்கள் பக்கத்திலேயே காப்பகம் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். விரும்பினால் தத்து எடுத்துக்கொண்டும் போகலாம்.

இங்கே கொஞ்சம் மூச்சு விட்டு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். கொல்லாத காப்பகம் என்றால் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது வெளியே போனால்தானே புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியும்? குட்டி போடும் பருவத்தில் "இடமில்லை, மன்னியுங்கள்" என்று சொல்ல நேர்கிறது. ஒரு பூனையை நீங்கள் தூக்கிவந்தால் நிஜத்தில் இரண்டு பூனைகளுக்கு இடம் கிடைக்கிறது: ஒன்றுக்கு உங்கள் வீட்டில், இன்னொன்றுக்கு அது காலி செய்த கூண்டில். கடையில் பாரசீகப் பூனை வாங்கினால் காலியாவது பர்ஸ் மட்டும்!

பாரசீகம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இருப்பதாக ஆய்வுகள் கண்டன. காது மடங்கி, பொம்மை மாதிரி இருக்கும் 'ஸ்காட்டிஷ் ஃபோல்ட்' தெரியுமா? அந்தக் காதை மடக்குவது ஒரு குருத்தெலும்புக் கோளாறு. காதோடு நிற்காது, மூட்டு மூட்டாக உடம்பெங்கும் இருக்கும். நாம் 'க்யூட்' என்று கொஞ்சுவது அதற்கு வலி. நம் நாட்டுப் பூனைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. எந்த மனிதனும் அழகு பார்த்து ஜோடி சேர்க்காமல், தெருவே தேர்ந்தெடுத்த உடம்பு அது.

நிறத்துக்கு வருவோமா? இது ஆச்சரியங்களின் சுரங்கம்! வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறமும் கலந்த பூனையைப் பார்த்தால், தூக்கிப் பார்க்காமலே "பெண்" என்று சொல்லிவிடலாம். செம்மஞ்சள் நிறத்தை முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றை அணைத்துவிடும். எந்த இடத்தில் எது அணைகிறதோ அதைப் பொறுத்து இங்கே கறுப்பு, அங்கே செம்மஞ்சள்! ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ் என்பதால் இரண்டில் ஒரு நிறம்தான். மூவாயிரத்தில் ஒன்று மட்டும் கூடுதல் எக்ஸோடு ஆணாகப் பிறக்கும், அதற்கும் பெரும்பாலும் குட்டிப்பேறு இருக்காது. இவ்வளவும் பழைய சங்கதி. அந்த மரபணு எதுவென்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்துச் சொன்னது 2024-ன் கடைசியில்தான்!

அதைவிட வேடிக்கை: டெக்சாஸில் 2001 டிசம்பரில் உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது. மரபணு கொடுத்தது ஒரு மூவண்ணப் பூனை. மரபணுவில் அச்சு அசல் நகல். ஆனால் குட்டியின் ரோமத்தில் செம்மஞ்சளைத் தேடினால் காணோம்! எந்த எக்ஸ் அணையும் என்பது அதிர்ஷ்டம், அதை நகல் எடுக்க முடியவில்லை. காப்பகத்தில் நீங்கள் பார்க்கும் மூவண்ணப் பூனைக்கு இன்னொரு பிரதி உலகத்திலேயே கிடையாது.

கறுப்புப் பூனை? அடடா, பாவம் அது. நாட்டின் பெரிய மனிதர்களெல்லாம் 2024 வரை 'கறுப்புப் பூனைப் படை' காவல் நின்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதே பூனை குறுக்கே போனால் மட்டும் நாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்து போகிறோம்! பிரிட்டனில் பல இடங்களில் கறுப்புப் பூனை எதிரே வந்தால் யோகம். சகுனம் பூனையிடம் இல்லை, பாஸ்போர்ட்டில் இருக்கிறது போலும். காப்பகத்தில் நிறத்தால் ஒதுக்கப்பட்டு நிற்கும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கறுப்பில் வெயில் பட்டால் தெரியும் செம்பழுப்பு மினுமினுப்பு வேறெந்தப் பூனைக்கும் கிடையாது.

இப்போது சமையற்கட்டு. தெனாலிராமன் பூனையை நினைவிருக்கிறதா? கொதிக்கும் பாலை வைத்து வாயைச் சுட்டுக்கொண்ட பிறகு, பாலைக் கண்டாலே ஓடிய பூனை. அரசவையே சிரித்தது. உண்மையில் அந்தப் பூனைக்குக் கிடைத்தது வைத்தியம்! வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸை ஜீரணிக்கும் சக்தி இருக்காது. ஆசையாகக் குடிக்கும், பிறகு வயிற்றால் போகும். தாயில்லாக் குட்டிக்குப் பசும்பால் ஊற்றுகிறார்களே, அதுவும் தப்பு. அதற்கென்று தனிப் பால்மாவு கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கிறது.

பால் போகட்டும், தயிர்சாதம்? நம் வீடுகளில் பூனைக்கு அதுதானே நைவேத்தியம்! கேளுங்கள்: டாரின் என்று ஒரு சத்து. அதைப் பூனையின் உடம்பு தனக்குப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. மாமிசத்தில் இருந்துதான் எடுத்தாக வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975-ல் கண்டார்கள். இதயம் தொளதொளத்து விரிந்துபோகும் என்று 1987-ல் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் பூனைத் தீனி செய்யும் கம்பெனிகள் டாரினைக் கூட்டிச் சேர்த்தன. வருஷக்கணக்கில் தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்க்கும் வீட்டில் பூனை மெதுவாகக் குருடாவது சாபத்தால் இல்லை, சாப்பாட்டால். சைவ வீட்டில் பூனை கூடாதா? தாராளமாக இருக்கலாம், அதற்கு மட்டும் தனித் தட்டில் அசைவம் போகட்டும். வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், முட்டை, கூடவே நல்ல பூனைத் தீனி. வெங்காயம், பூண்டு போட்ட குழம்புத் தண்ணீர் வேண்டாம், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உப்பில் ஊறிய கருவாடும் வேண்டாம்.

மைசூர்பாகு கொடுத்துப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான்! பூனைக்கு இனிப்பே தெரியாது, தெரியுமா? இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் உடைந்து கிடக்கிறது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் 2005-ல் அதைச் சொன்னது. உங்கள் பூனை மைசூர்பாகை நக்கினால் அது நெய்க்காக. சர்க்கரை அதற்கு மண்.

ஒரே ஒரு விஷயத்தில் விளையாட்டில்லை. பாராசிட்டமால்! நமக்குக் காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை உடைத்து வெளியேற்றும் வேலையை அதன் கல்லீரல் சரிவரச் செய்யாது. "உடம்பு சுடுகிறதே" என்று இரக்கப்பட்டுப் பாதி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் மருந்துகளில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரினும் அப்படியே.

குட்டிக் கணக்குக்குப் போவோம். ஒரு ஜோடிப் பூனை ஏழே வருஷத்தில் நாலு லட்சத்து இருபதாயிரம் பூனையாகும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. நம்பாதீர்கள்! பிறப்பது எல்லாமே பிழைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் தெருப்பூனைகளைப் பின்தொடர்ந்து 2004-ல் வந்த ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? 169 குட்டிகளில் 127, ஆறு மாதம் முடிவதற்குள் இறந்தன அல்லது காணாமல் போயின. நாலில் மூன்று! நாலு லட்சம் என்ற பொய்யைவிட இந்த முக்கால் பங்கு என்ற உண்மைதான் கருத்தடைக்குச் சரியான காரணம். பெருகிவிடும் என்பதற்காக மட்டுமில்லை, பிறந்து பிறந்து சாகின்றன என்பதற்காக. இதில் இன்னொரு விசித்திரம்: ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பாக்கள் இருக்கலாம்! ஒன்று கறுப்பு, ஒன்று வரி, ஒன்று வெள்ளை என்று பிறந்தால் தாயைச் சந்தேகிக்காதீர்கள்; உங்கள் சந்தேகம் நூறு சதவீதம் சரியாகவும் இருக்கலாம்!

தெருவில் காது நுனி கத்தரித்த பூனையைப் பார்த்து "யாரோ பாவி" என்று திட்டியிருக்கிறீர்களா? பெரும்பாலும் அது கருத்தடை செய்த அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே நுனியை வெட்டிவிடுவார்கள், மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்க வேண்டாமே என்று.

தத்து எடுக்கப் போனால் காப்பகத்தில் கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவரை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? சொந்த வீடா, வாடகையா? ஜன்னலுக்கு வலை உண்டா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? சில இடங்களில் வீட்டையே வந்து பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள், அப்படிக் கேட்கிற காப்பகம்தான் நல்ல காப்பகம். கேள்வியே கேட்காமல் கூடையில் போட்டு நீட்டுகிற இடத்தில்தான் யோசிக்க வேண்டும். கருத்தடை ஆனதா, ரேபிஸ் தடுப்பூசியும் பூனைக் காய்ச்சல்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி: செல்லப்பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. திரும்பி வரும்போது ரயிலில் பைக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். செல்லப்பிராணிக்கு ரயில்வேயில் தனி விதியும் கட்டணமும் உண்டு, பார்சல் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கதவு பூட்டுகிற கூடையில் வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யும்? கட்டிலுக்கு அடியில் போய்விடும்! அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் குனிந்து குனிந்து பார்க்க, அது கண்ணை மட்டும் காட்டும். பயப்படாதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் 3-3-3 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய 3 நாள், வீட்டின் வழக்கம் புரிய 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். முதலில் ஓர் அறை மட்டும் கொடுங்கள். தண்ணீர், தீனி ஒரு மூலையில். மணல் தட்டு எதிர் மூலையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்குப் பிடிக்காது, நமக்கும் பிடிக்காதே!

தூக்குவதிலும் ஒரு சங்கதி. வைணவத்தில் மார்ஜார நியாயம் என்பார்கள், தென்கலையார் சரணாகதிக்குச் சொல்லும் உவமை: குட்டி ஒன்றுமே செய்வதில்லை, தாய்ப்பூனையே கவ்விக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அருமையான கவனிப்பு! பிடரியைக் கவ்வினால் குட்டி நிஜமாகவே அசையாமல் தொங்கும், அது அதற்குப் பிறவியிலேயே வந்தது. ஆனால் வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் அது சரணாகதி இல்லை, வேதனை. ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்கு.

அது நம்மோடு பேசுகிறது, தெரியுமா? வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' சொல்லிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயிடம் சொல்லும்; வளர்ந்தது மனிதனிடம் சொல்லும். உங்களைக் கூப்பிடவே அந்த மொழி! பெயரைச் சொன்னால் தெரியுமா என்றால், தெரியும். அட்சுகோ சைட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு 2019-ல் சோதித்துச் சொன்னது. திரும்பிப் பார்ப்பதும் பார்க்காததும் பூனையின் இஷ்டம். கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்து பாருங்கள். அதுவும் பதிலுக்குச் செய்யும், கிட்டேயும் வரும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதை நிரூபித்தார்கள். காசு செலவில்லாத வசியம்! 'குர்குர்' என்று நெஞ்சில் படுத்து உறுமினால் எலும்பு முறிவே கூடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதை மட்டும் நம்பிக் கட்டைப் பிரித்துவிடாதீர்கள். மனிதரிடம் அப்படி நடந்ததாக நிரூபணம் இல்லை.

அனாதைப் பூனைகள் எட்டிய உயரம் தெரியுமா? லண்டன் டவுனிங் தெரு பிரதமர் இல்லத்தில் எலி பிடிக்கும் பதவியில் இருக்கும் லாரி, தெருவில் இருந்து பேட்டர்சீ காப்பகத்துக்குப் போய், 2011-ல் அங்கிருந்து தத்து எடுக்கப்பட்டவர். கேமரூன், மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டார்! ஜப்பானில் கிஷி என்ற குட்டி ரயில் நிலையத்துக்கு 2007-ல் தாமா என்ற மூவண்ணப் பூனையையே ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினார்கள். படுத்துப்போன ரயில்பாதைக்கு அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. மாரிக்குப்பமும் பாதை முடிகிற கடைசி நிலையம்தான், தென்மேற்கு ரயில்வே யோசிக்கலாம்!

எல்லாக் கதையும் இனிப்பதில்லை. விண்வெளிக்குப் போன ஒரே பூனை ஃபெலிசெட், பாரிஸ் தெருக்களில் திரிந்ததாகச் சொல்லப்படும் கறுப்பு வெள்ளைப் பூனை. 1963 அக்டோபர் 18-ல் பிரெஞ்சு ராக்கெட்டில் 150 கிலோமீட்டருக்கும் மேலே போய், உயிரோடு திரும்பி வந்தது! வந்த பிறகு? சில மாதங்களில் மூளையை ஆராய்வதற்காகக் கொன்றுவிட்டார்கள். 2019-ல் சிலை வைத்தார்கள்.

எலி பிடிக்கும் பெருமையையும் சொல்லியாக வேண்டும், தங்கவயல் பெரியவர்கள் கேட்பார்கள். 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. அதே ஆண்டு கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியின் தெள்ளுப்பூச்சிதான் குற்றவாளி என்று பிடித்தார். பூனை வளர்க்கும் கிராமங்களில் பிளேக் குறைவு என்று இந்திய மருத்துவப் பணியில் இருந்த புக்கானன் 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்! ஆனால் பூனைக்கே பிளேக் தொற்றும் என்பது இன்று தெரியும். ஆகையால் அதைச் சுகாதார இலாகாவாக நியமிக்க வேண்டாம். மாமல்லபுரத்துச் சிற்பி இதில் கெட்டிக்காரன். ஏழாம் நூற்றாண்டிலேயே, கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்யும் பூனையையும் அதை நம்பி வணங்கி நிற்கும் எலிகளையும் பாறையில் செதுக்கிவிட்டான்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்தச் சொல்வார்கள். தேவையில்லை. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிதான் பயம். பூனையின் மலத்தில் வெளிவந்ததும் அது தொற்றாது. முற்றுவதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். பச்சை மாமிசம் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதேசமயம் பூனை கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் வேண்டாம்: சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. ரேபிஸ் நாய்க்கு மட்டும் சொந்தமில்லை.

கடைசியாக வயது. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஜேக் பெர்ரி என்று ஒரு பிளம்பர். அவரிடம் இருந்த கிரீம் பஃப் என்ற பூனை 38 ஆண்டும் 3 நாளும் வாழ்ந்தது, இன்றுவரை கின்னஸ் சாதனை! அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு பூனையின் கதை. 1964-ல் பிறந்தது. 1970-ல், ஆறு வயதில், அதைக் காப்பகத்தில் இருந்து தத்து எடுத்தார். அதற்குப் பிறகும் 28 ஆண்டு வாழ்ந்து, 34-ல்தான் போனது!

எல்லாப் பூனையும் அப்படி இருக்காது. வீட்டுக்குள் வளர்வது பொதுவாகப் பதினைந்தைத் தொடும், சிலது இருபதை. ஆனால் அந்த ஆறு வயதுப் பூனையின் கதையைத் தங்கவயலில் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு பிள்ளைகள் பெங்களூரு ரயிலில் போய்விட, ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் பகலெல்லாம் வீட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும்தான். அவர்களுக்காகப் பூனை எடுக்கப் போகிற பிள்ளைகள் காப்பகத்தில் குட்டியைத்தான் காட்டச் சொல்கிறார்கள். திரைச்சீலையில் ஏறி, ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்திரத்தை உருட்டும் குட்டியோடு எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? "ஆறேழு வயசு ஆன, சாதுவான பூனை இருக்கா?" என்று கேளுங்கள். வருஷக்கணக்கில் யாரும் கேட்காத கேள்வி அது. காப்பகத்தில் இருப்பவர் ஒரு கணம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போவார்.